பொம்மைக்குப் பெரியவர்களே வாடிக்கையாளர்கள்!

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டூபாய்ஸ் என்றொரு ஊர். அங்கே மக்கள் நன்கொடையாகக் கொடுக்கும் பழைய பொருட்களை விற்று, அந்தப் பணத்தைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிடும் குட்வில் என்ற அமைப்பின் கடை ஒன்று உண்டு. யாரோ கொடுத்துவிட்டுப் போன நகைப் பெட்டியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னஞ்சிறு முகமூடி கிடந்தது. பொன்னிறம். மோதிரமும் அல்ல, தோடும் அல்ல. கடைக்காரர்கள் அதற்கு 14.95 டாலர் என்று ஆரம்ப விலை போட்டு ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் கணக்கில் சுமார் ஆயிரத்து இருநூறு ரூபாய்.

பட்டியல் வெளியானதும் ஏலத்தில் போட்டி மூண்டது. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த முகமூடி 18,101 டாலருக்கு விலைபோயிற்று. ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய்! 14 காரட் தங்கத்தில் செய்ததுதான் என்றாலும், அத்தனை சிறிய துண்டில் உள்ள தங்கத்துக்கு யாரும் 15 லட்சம் தரமாட்டார்கள். ஒரு பொம்மை வரிசையின் விளம்பரப் பரிசாக 2001-ஆம் ஆண்டுவாக்கில் சுமார் முப்பது மட்டுமே செய்யப்பட்ட முகமூடி அது. ஏலத்தில் போட்டியிட்டவர்கள் அந்தப் பொம்மையோடு வளர்ந்து, இன்று வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பெரியவர்கள்.

"பொம்மைக் கதை நமக்கு எதற்கு? நாம் பருப்பும் புளியும் விற்பவர்கள்தானே" என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். இந்தப் பொம்மையை விற்ற கம்பெனி கடையைச் சாத்தும் நிலைக்கு வந்து, மீண்டு எழுந்தது. அது விழுந்ததற்கும் எழுந்ததற்கும் உள்ள காரணங்கள் நம் ஒவ்வொருவர் கல்லாவோடும் சம்பந்தப்பட்டவை. ஆகவே சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

தச்சர் தொடங்கிய தொழில்

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மர பொம்மைகள் செய்து விற்கத் தொடங்கினார். 1934-ல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயர் சூட்டினார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது. 1942-ல் தீ விபத்தில் பட்டறை எரிந்தது. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை, மீண்டும் கட்டினார். 1949-ல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டிகள் செய்யத் தொடங்கினார்கள். அவை இறுகப் பிடித்து நிற்கும்படி உள்ளே குழாய் வைத்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

அன்று செய்த கட்டியும் இன்று செய்யும் கட்டியும் ஒன்றோடொன்று பொருந்தும். தாத்தா வாங்கிய கட்டிமேல் பேரன் வாங்கிய கட்டியைப் பொருத்தலாம். ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ் உள்ள கட்டிகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் அடுக்க முடியும் என்று கணித வல்லுநர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது வாங்கிய சரக்கு பழசாவதே இல்லை. ஒரு முறை வாங்கியவர் மறுபடியும் வந்து வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

டப்பாவில் வந்த வீரர்கள்

கட்டிகளால் வீடும் வண்டியும் கட்டலாம். கையைக் காலை ஆட்டி நிற்கும் வீரன் பொம்மையை அவற்றால் கட்டுவது கடினம். லெகோவில் 1977 முதல் 'டெக்னிக்' என்றொரு வரிசை உண்டு. பல்சக்கரம், அச்சுக்கோல், துளையிட்ட சட்டம் என்று இயந்திரப் பாகங்கள் அதில் இருந்தன. இந்தப் பாகங்களோடு, கிண்ணத்துக்குள் உருண்டை சுழலுவது போன்ற மூட்டைச் சேர்த்து 1999-ல் சில உருவங்களை வெளியிட்டுப் பார்த்தார்கள். நம் தோள்பட்டை மூட்டு எப்படி எல்லாப் பக்கமும் திரும்புகிறதோ, அப்படித் திரும்பும் மூட்டு அது.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2001-ல் உலகெங்கும் விற்பனைக்கு வந்த 'பயோனிக்கிள்'. ஆறு வீரர்கள்: டாஹு, காலி, கோபாகா, லேவா, ஒனுவா, போஹாட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஒரு முகமூடி, ஒரு சக்தி. ஒரு வீரனைக் கட்டச் சுமார் 30 துண்டுகள். முதுகில் உள்ள பல்சக்கரத்தைத் திருகினால் கை வீசும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. பெட்டிக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இந்த வீரர்கள் வந்தார்கள். கதைப்படி, ஒரு தீவின் கரையில் ஒதுங்கிய டப்பாவிலிருந்து வீரன் எழுந்து வருகிறான். ஆகவே டப்பாவும் கதையில் ஒரு பாத்திரம்! குழந்தை அதைத் தூக்கி எறியாது, அலமாரியில் வைக்கும். பேக்கிங்கே விளம்பரமாக நின்றது. நம் வீடுகளில் நல்ல பிஸ்கட் தகர டப்பா காலியான பிறகும் பத்து வருடம் அடுக்களையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது உத்தி, முகமூடிகளைத் தனியாகவும் சிறு பொட்டலங்களில் விற்றது. உள்ளே எந்த முகமூடி, எந்த நிறம் என்று பிரித்தால்தான் தெரியும். நம் ஊரில் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் படம் சேர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! அதே ஆசைதான். மூன்றாவது உத்தி, மூன்று வீரர்களை வாங்கியவர் அவர்களைப் பிரித்துச் சேர்த்து ஒரு பெரிய வீரனாகக் கட்டலாம். ஒன்றை வாங்கியவருக்கு மற்ற இரண்டும் தேவைப்பட்டன.

நோயிலிருந்து பிறந்த கதை

இத்தனைக்கும் மேலே நின்றது கதை. லெகோவுக்கு விளம்பரப் பணி செய்துவந்த நிறுவனத்தில் கலை இயக்குநராக இருந்தவர் கிறிஸ்டியன் ஃபாபர். அவருக்குத் தலைக்குள் ஒரு கட்டி இருப்பது 1986-ல் தெரிய வந்தது. புற்றுநோய் அல்ல, ஆனாலும் வருடக்கணக்கில் சிகிச்சை தொடர்ந்தது. உடலுக்குள் செல்லும் மருந்து, உள்ளே போய்ப் போரிடும் சிறு வீரர்களைப் போன்றது என்று அவர் கற்பனை செய்து பார்த்தார். டப்பாவில் வந்து இறங்கும் வீரர்கள், மருந்துக் குளிகையில் அடைத்த மருந்துதான். அவர்கள் காப்பாற்ற வந்த தீவு, நோயுற்று வீழ்ந்து கிடக்கும் ஒரு பிரம்மாண்ட உருவத்தின் முகத்தின்மேல் அமைந்த தீவு. இந்த ரகசியத்தைக் கதையில் 2008 வரை உடைக்கவே இல்லை. ஏழு வருடம் வாசகரைக் காத்திருக்க வைத்தார்கள். சித்திரக் கதைகளும் புத்தகங்களும் வருடந்தோறும் வந்தன. கிரெக் ஃபார்ஷ்டி என்ற எழுத்தாளர் அவற்றில் பெரும்பகுதியை எழுதினார்.

ஒரு தவறும் நடந்தது. கதையில் வரும் பெயர்கள் சிலவற்றை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியிலிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். கிராமத்துச் சிறு மனிதர்களுக்கு வைத்த 'தொஹுங்கா' என்ற பெயர், மாவோரிகளிடையே கற்றறிந்த பெரியோரைக் குறிக்கும் மதிப்புமிக்க சொல். 2001-ல் அவர்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். கம்பெனி முதலில் தயங்கினாலும் பிறகு பேச்சு நடத்திப் பல பெயர்களை மாற்றியது. தொஹுங்கா 'மடோரன்' ஆனது. பிறர் மதிக்கும் பெயரை நம் சரக்கின் மேல் ஒட்டுமுன் நாமும் யோசிக்க வேண்டும்.

கம்பெனி மூழ்கிய கதை

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன். வெளியே பார்ப்பவர்களுக்கு லெகோ பெரிய கம்பெனி. உள்ளே ஓட்டை. பொழுதுபோக்குப் பூங்கா, துணி, கைக்கடிகாரம், வீடியோ கேம், தொலைக்காட்சித் தொடர் என்று கை வைக்காத தொழில் இல்லை. 1990-களின் நடுவில் சுமார் ஆறாயிரமாக இருந்த துண்டு வகைகள் 2004-ல் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டின. ஒவ்வொரு புது வகைக்கும் புது அச்சு வேண்டும். அச்சுக்கு ஆகும் செலவோ பெருந்தொகை.

எந்த செட்டில் லாபம், எதில் நஷ்டம் என்று பிரித்துப் பார்க்கும் கணக்கும் சரியாக இல்லை. திரைப்படங்களை ஒட்டி வெளியிட்ட பொம்மைகள் நன்றாக விற்றன. ஆனால் 2003-ல் அந்தப் படங்களின் புதுப் பாகம் எதுவும் வெளியாகவில்லை, விற்பனை படுத்துவிட்டது. கடைகளில் முந்தைய வருடச் சரக்கே தேங்கிக் கிடந்ததால் புது ஆர்டர் வரவில்லை. 2003-ல் சுமார் 140 கோடி டேனிஷ் குரோனர் நஷ்டம். 2004-ல் அதைவிடக் கூடுதல்.

அந்த இருட்டில் எரிந்த ஒரே விளக்கு பயோனிக்கிள். 2003-ல் கம்பெனியின் வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு அதிலிருந்து வந்தது. சொந்தக் கதை என்பதால் சினிமாக் கம்பெனிக்கு ராயல்டி தர வேண்டியதில்லை. படம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அது மட்டும் இல்லையென்றால் கம்பெனி அன்றே கைமாறியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு.

2004 அக்டோபரில் யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப் என்ற 35 வயது இளைஞரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து தலைமைக்கு வந்த முதல் ஆள். உரிமையாளர் குடும்பம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கைகொடுத்தது. புதியவர் துண்டு வகைகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். 2005-ல் பூங்காக்களின் பெரும்பங்கை விற்றார். ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனி லாப நஷ்டக் கணக்குப் போட்டார். சில்லறைக் கடைக்காரருக்கு லாபம் கிடைக்கிறதா என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொண்டார். கடைக்காரர் பிழைத்தால்தான் உற்பத்தியாளர் பிழைப்பார் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நம் பகுதிக்கு வரும் சில பெரிய கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் இது புரிந்தால் நல்லது!

இதைப் படித்தபோது என் கடை நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் புதுக்கணக்குக்கு முன் இருப்பு எடுத்தேன். பற்பசையில் மட்டும் பதினொரு வகை, சோப்பில் இருபத்து மூன்று. "எல்லாம் கிடைக்கும் கடை" என்று பெயர் வாங்க ஆசைப்பட்டு, முதலை அலமாரியில் முடக்கி வைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் ஐந்து பற்பசையும் எட்டுச் சோப்பும்தான் ஓடுகின்றன. மற்றவை தூசி தட்டுவதற்கு மட்டுமே. குறைத்த பிறகு ஒரு வாடிக்கையாளரும் என்னை விட்டுப் போகவில்லை.

வாடிக்கையாளர் வளர்ந்துவிட்டார்

லெகோ வெகுகாலம் குழந்தைகளையே தன் வாடிக்கையாளர்களாக நினைத்தது. பெரியவர்கள் வாங்கினால் பிள்ளைகளுக்காக வாங்குகிறார்கள் என்று எண்ணியது. உண்மையில், சிறுவயதில் விளையாடிப் பதின்மூன்று பதினான்கு வயதில் விட்டுவிட்டு, வேலைக்குப் போன பிறகு திரும்பி வந்த ரசிகர்கள் உலகெங்கும் பெருகியிருந்தார்கள். இடையில் விட்டுப்போன வருடங்களை அவர்கள் தங்களுக்குள் 'இருண்ட காலம்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சம்பாதிக்கும் கை, அப்பாவிடம் காசு கேட்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை வருடத்துக்கு இரண்டு செட் வாங்கினால் இவர்கள் இருபது வாங்குவார்கள்.

இவர்களுடைய கோபத்தையும் கம்பெனி பார்த்தது. 2004-ல் சாம்பல், பழுப்பு நிறங்களின் சாயலைச் சற்றே மாற்றினார்கள். குழந்தைகளுக்குப் புது நிறம் பிடித்திருந்தது. பெரிய ரசிகர்களோ கொதித்தெழுந்தார்கள். இருபது வருடமாகச் சேர்த்த பழைய சாம்பல் கட்டியோடு புதுச் சாம்பல் கட்டியை வைத்தால் சுவரில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும் அல்லவா? இனி அடிப்படை நிறங்களை இப்படி மாற்றுவதில்லை என்று கம்பெனி உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. அரிசி மூட்டையில் பெயரை மாற்றாமல் ரகத்தை மாற்றினால் நம் வாடிக்கையாளர் சோறு வடிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். இதுவும் அதே பாடம்தான்.

2005 ஆகஸ்டில் வாஷிங்டன் அருகே நடந்த ரசிகர் கூட்டத்துக்கு க்னுட்ஸ்டோர்ப் நேரில் போய், அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ரசிகர்களிலிருந்தே தூதர்களைத் தேர்ந்தெடுத்துக் கருத்துக் கேட்கும் வழக்கமும் அந்த வருடமே வந்தது. 2020-ல் '18 வயதுக்கு மேல்' என்று பெட்டியிலேயே அச்சடித்துத் தனி வரிசை விற்கும் அளவுக்கு இது வளர்ந்தது.

ஒரு வீரனை வடிவமைப்பது எப்படி?

வாங்கி அலமாரியில் வைப்பதோடு இந்த ரசிகர்கள் நிற்பதில்லை. பலர் தாங்களே புது வீரர்களை வடிவமைக்கிறார்கள். அது பெரிய கைத்தொழில். முதலில் எலும்புக்கூடு: இடுப்பு, முதுகு, தோள். பிறகு மூட்டுகள். உருண்டை மூட்டு எல்லாப் பக்கமும் திரும்பும். ஆனால் பாரம் தாங்காது. உயரமான பொம்மையைக் கட்டினால் கணுக்கால் வழுக்கி விழுந்துவிடும். ஆகவே பாரம் இறங்கும் இடத்தில் இரண்டு மூட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள், அல்லது இறுக்கமான செருகிகளைப் பயன்படுத்துவார்கள். டெக்னிக் வரிசையில் கறுப்புச் செருகி இறுகப் பிடிக்கும். சாம்பல் நிறச் செருகி தடையின்றிச் சுழலும். துளைகளுக்கிடையே தூரம் எப்போதும் 8 மில்லிமீட்டர். இந்த அளவுக்குள் உருவத்தை அடக்க வேண்டும்.

எலும்பு நின்ற பிறகு கவசம், கடைசியில் முகமூடி. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது என்பது பலர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. வேண்டிய வடிவத் துண்டு வேண்டிய நிறத்தில் வெளிவந்தே இருக்காது. அப்போது திட்டத்தையே மாற்றுவார்கள். சிலர் முதலில் கணினியில் கட்டிப் பார்த்து, எத்தனை துண்டு, என்ன நிறம் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு பிறகு வாங்குகிறார்கள். ஒரு வீரனுக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள் உண்டு.

இவர்களில் திறமைசாலிகளின் வடிவத்தைக் கம்பெனியே வாங்கி விற்கவும் செய்கிறது. ஒருவர் தம் யோசனையை முன்வைக்கலாம். 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் கம்பெனி பரிசீலிக்கும். தேர்வானால் நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒன்று அவருக்கு ராயல்டி. அந்த வழியில் 2018-ல் வந்த 'வால்ட்ரான்' என்ற இயந்திர வீரன் 2,321 துண்டுகள் கொண்டது. ஐந்து சிங்கங்கள் சேர்ந்து ஒரு வீரனாகும் பொம்மை.

தூள் வியாபாரம்

இவ்வளவு துண்டுகளை எங்கே வாங்குவது? இங்கேதான் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் வருகிறார்கள். 2000-ல் டான் ஜெசெக் என்ற ரசிகர், துண்டுகளை வாங்குபவரையும் விற்பவரையும் கணினி வழியே சேர்க்கும் ஒரு சந்தையைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் பிரிக்லிங்க். அதில் விற்பவர்கள் பலர் வீட்டு அறையிலேயே தொழில் செய்பவர்கள். தள்ளுபடியில் செட்டுகளை மொத்தமாக வாங்குவார்கள். பிரித்து, துண்டு துண்டாகச் சிறு இழுப்பறைகளில் வகைப்படுத்துவார்கள். கேட்டவருக்கு எண்ணி அனுப்புவார்கள். சீரகம், சோம்பு, கசகசா என்று நாம் அஞ்சறைப் பெட்டிக்குச் சில்லறையாகக் கொடுப்பது போலத்தான். முழு மூட்டை வாங்க முடியாதவருக்கு நூறு கிராம் தருகிற வியாபாரம் எந்த நாட்டிலும் சாகாது. 2019-ல் லெகோ கம்பெனியே அந்தச் சந்தையை விலைக்கு வாங்கிவிட்டது.

சேகரிப்பாளர் பார்த்துப் பார்த்து வாங்குவதும் நம் மண்டியில் மிளகாய் வாங்குவது போலத்தான். முகமூடி, ஆயுதம் எல்லாம் இருக்கிறதா? டப்பாவும் செய்முறைத் தாளும் உண்டா? வெள்ளை, சாம்பல் துண்டுகள் வெயில்பட்டு மஞ்சளித்திருக்கிறதா? மூட்டில் விரிசல் உண்டா? 2007, 2008 வாக்கில் வந்த இளம்பச்சை மூட்டுகள் எளிதில் உடையும் என்பதால் அவற்றை விளக்கில் காட்டிப் பார்ப்பார்கள். பிரிக்காத பெட்டிக்கு ஒரு விலை, பிரித்ததற்கு ஒரு விலை. கூடையில் கலந்து கிடந்தால் கிலோ விலை.

நிறுத்தியும் நிற்காத சரக்கு

பயோனிக்கிள் 2010-ல் நிறுத்தப்பட்டது. 'ஹீரோ ஃபேக்டரி' என்று வேறு பெயரில் வீரர் பொம்மைகள் 2014 வரை வந்தன. 2015-ல் பயோனிக்கிளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதுக் குழந்தைகள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை, 2016-லேயே மூடிவிட்டார்கள். பழைய பெயரைத் தூசி தட்டி வைத்தால் மட்டும் சரக்கு ஓடிவிடாது என்பதும் ஒரு பாடம்.

ஆனால் பழைய ரசிகர்கள் விடவில்லை. கம்பெனியின் 90-ஆம் ஆண்டை முன்னிட்டு, எந்தப் பழைய வரிசை மீண்டும் வர வேண்டும் என்று 2021-ல் கருத்துக் கேட்டபோது பயோனிக்கிள் முன்னணியில் நின்றது. ஆனாலும் பெரிய செட் வந்தது கோட்டைக்கும் விண்வெளிக் கப்பலுக்கும்தான். 2023 ஜனவரியில் கட்டி வடிவிலான சின்ன டாஹு பொம்மை ஒன்று, குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குவோருக்கு இலவசமாகத் தரப்பட்டது. அந்த இலவசத்துக்காகவே பலர் வேறு செட்டுகளை வாங்கினார்கள். நம் தீபாவளி இலவசம் எதுவும் இப்படி ஆளை இழுத்ததுண்டா? வாடிக்கையாளர் மனத்தில் ஏற்கெனவே இடம் பிடித்த பொருளை இலவசமாகத் தந்தால்தான் அது இலவசம். விற்காததைத் தள்ளிவிடுவது இலவசம் அல்ல.

பில்லுண்டின் அந்தக் கம்பெனி 2024-ல் 7,430 கோடி டேனிஷ் குரோனர் விற்றுமுதல் கண்டது. இருபது வருடத்துக்கு முன் அது விற்பனைக்கு வரும் என்று பேசப்பட்டது.

நமக்கு என்ன?

பொம்மையும் சேர்த்து விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே "வெளிநாட்டுச் சரக்கு, பாதி விலை" என்று முத்திரையில்லாத போலிப் பொட்டலத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சோதனையில் மாட்டுவது கொடுத்தவர் அல்ல, கடையில் வைத்திருந்தவர்.

மற்ற உறுப்பினர்களுக்கும் செய்ய வேண்டியவை சில உண்டு. வகைக்கு வகை லாபக் கணக்குப் போடுங்கள்; ஓடாததைக் குறையுங்கள். ரகத்தை மாற்றினால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். நம்மிடம் இல்லாத ஒரு பொருளை யாராவது கேட்டால் அன்றே அதில் எழுதுங்கள். ஒரே பொருளை ஒரு மாதத்தில் நான்கு பேர் கேட்டிருந்தால் அதுதான் அடுத்த கொள்முதல். சிறுவனாக வந்து மிட்டாய் வாங்கியவன் இன்று குடும்பத்தோடு வந்தால், அவன் முகத்தை நினைவில் வைத்துப் பெயர் சொல்லி அழையுங்கள். அவன் நம் கடைக்கு வருவதற்கு விலை மட்டும் காரணம் அல்ல.

டூபாய்ஸ் கடைக்காரர்கள் செய்தது தவறென்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்ததற்கு விலை போட்டார்கள். அந்தப் பொன் முகமூடியின் மதிப்பு கடைக்காரருக்குத் தெரியாது, வாடிக்கையாளருக்குத் தெரிந்திருந்தது. நல்லவேளையாக ஏலத்தில் விட்டார்கள், அலமாரியில் 14.95 டாலர் சீட்டு ஒட்டி வைத்திருந்தால், விவரம் தெரிந்த முதல் ஆள் புன்னகையோடு எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

நம் கடை மூலையிலும் அப்படி ஏதேனும் கிடக்கலாம். இன்று இரவு கடை சாத்துமுன் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.